சுவர் கறுத்தால் உம்மாவைக் குறை சொல்லாதீர்கள்

கண்டி நகரில், கடைகளுக்கு மேலே உள்ள மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். அறைகள் மூன்று, யன்னல்கள் இரண்டு. இரண்டும் தெருப் பக்கம்தான். குசினிக்கும் குளியலறைக்கும் யன்னலே கிடையாது. ஒக்டோபர் மழை தொடங்கியதும் அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுக்கும். பெருநாளைக்கு வாங்கிய தோல் செருப்பில் சாம்பல் பூக்கும். வீட்டுக்கு வருபவர்கள் மூக்கைச் சுளித்து, "கொஞ்சம் துப்புரவாக வைத்திருக்கலாமே" என்பார்கள். மறுநாள் சுபஹுக்குப் பிறகு உம்மா வாளியும் துணியுமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கிழமையில் அதே இடத்தில் அதே கறுப்பு.

விஞ்ஞானப் பாடத்தில் பங்கசு என்று படிப்பதைத்தான் வீட்டில் பூஞ்சணம் என்கிறோம். சுவரில் படியும் மெல்லிய தூசே அதற்கு உணவாகப் போதும். அது வளர வேண்டியது ஈரம். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு பருவக்காற்றுகளும் இங்கு மழை தருகின்றன. இரவு குளிரும்போது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் ஒடுங்குகிறது. அதோடு சோற்றுப் பானையின் ஆவி, குளியல், நம் மூச்சு. ஒரு தடவை தோய்த்த உடுப்புகளை அறைக்குள் காயப்போட்டால் 2 லீற்றர் அளவு தண்ணீர் காற்றில் கலக்கலாம். அது வெளியேற வழி வேண்டாமா? கூரை மின்விசிறி அதே ஈரக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தருகிறது.

நாங்கள் செய்து பார்த்தவற்றில் சில பயன் தந்தன. மழைவிட்டு வெயில் வரும் முற்பகலில், பின்பக்கப் படிக்கட்டுக் கதவையும் யன்னலையும் ஒன்றாக அரை மணி நேரம் திறந்துவைப்போம். யன்னலை மட்டும் நாள் முழுக்கத் திறந்து வைப்பதைவிட அது மேல். மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்க்க யன்னலில் வைத்தோம். "தெருவுக்கா காத்து விடுறீங்க?" என்று தம்பி சிரித்தான். அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளினோம். ஈரம் குறைந்தது, போய்விடவில்லை.

இதில் உயிரும் போகலாம். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். ஒரே படுக்கையறை கொண்ட அவர்களது மாடி வீட்டில் பூஞ்சணம் இருப்பதைத் தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். மேலே வர்ணம் பூசும்படி பதில் வந்தது. குடும்பத்தின் வாழ்க்கை முறைமீதும் பழி போடப்பட்டது. நீண்ட நாள் பூஞ்சணத்துக்கு ஆளானதால் வந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். சாதாரண அன்றாட வேலைகளும் போதிய காற்றோட்டம் இல்லாமையுமே பூஞ்சணத்தை உண்டாக்கின என்றும் கூறினார். சமைப்பதும் குளிப்பதும் குற்றமா என்ன? அந்தக் குழந்தையின் பெயரால் அங்கே இப்போது ஒரு சட்டமே இருக்கிறது.

எமது ஊரிலும் படிக்க ஓர் உதாரணம் உண்டு. கண்டியில் பிறந்த மினட் டி சில்வா, பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948இல் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண். 1950களில் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை வரையும்போது, குடியேறப் போகும் குடும்பங்களிடமே அவர்களது தேவைகளைக் கேட்டறிந்தார். இன்று மேல் மாடி கட்டும் வாப்பாமார்களில் எத்தனை பேர், குசினி எப்படி வேண்டும் என்று அதில் நிற்கப் போகிறவரிடம் கேட்கிறார்கள்?

கண்டியில் நிலம் நெருக்கம்தான். சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவது புரிகிறது. ஆனால் படிக்கட்டுப் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு காற்றுத் துவாரம் வைக்கத் தனி நிலம் தேவையில்லை. அவ்வளவு உயரத்தில் அயலார் பார்வையும் விழாது. திரைச்சீலைக்காக யன்னலை அடைத்து வைக்கும் வீடுகளுக்கு அதுவே பொருத்தம்.

எங்கள் குளியலறைச் சுவரில் அப்படியொன்று வைத்துத் தரும்படி வாப்பா வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டிருக்கிறார். "பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. உம்மாவின் வாளி இன்னும் அலுமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.