மரந்தின்னாத மரந்தின்னி

மலைநாட்டுத் தேயிலைச் செடியின் தண்டிலே சிறு துளையிட்டு வாழும் வண்டை 'மரந்தின்னி' என்று எழுதுவோர் இன்றும் உளர். இது வெறும் சொற்பிழையன்று, நோக்கின் பிழை. அவ்வண்டு மரத்தைத் தின்பதேயில்லை. குடைந்த மரத்தூளை வெளியே தள்ளிவிடுகின்றது. அது உண்பது, சுரங்கச் சுவரிலே தானே வளர்க்கும் பங்கசை. தாய்வண்டு வாயையண்டிய நுண்பையிலே பங்கசின் வித்திகளைச் சுமந்துவந்து சுரங்கத்தில் விதைக்கின்றது. குடம்பிகள் அவ்விளைச்சலையே உண்டு வளர்கின்றன. பங்கசும் புதிய தண்டை அடைவதற்கு வண்டையே நம்பியிருக்கின்றது.

இவை நேற்றைய கண்டுபிடிப்புகள் அல்ல. சுரங்கச் சுவரின் வெண்பொருளுக்கு, அது யாதென அறியாமலே, 1836இல் சிமிட்பேர்கர் 'அம்புரோசியா' எனத் தேவருணவின் பெயரைச் சூட்டினார். அது பங்கசென 1844இல் ஹார்ட்டிக் காட்டினார். இலங்கைத் தேயிலை வண்டின் பங்கசைக் காட், லூஸ் ஆகிய இருவரும் 1947இல் விவரித்தனர்.

ஆகவே அறியாமையைக் காரணங்காட்டித் தப்புதல் இயலாது. அறிந்த பின்னரும் 1950களிலே தோட்டங்களிற் செய்யப்பட்டது யாது? வண்டு தனியொரு பகையாகக் கொள்ளப்பட்டது. பின்னாளில் தடைசெய்யப்பட்ட டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. தண்டின் புறத்தே ஊர்ந்த வண்டுகள் மடிந்தன என்பது மெய்யே. ஆனால், தேயிலையைப் பிணைத்துத் தின்னும் புழுவை அடக்கவென 1930களில் யாவாவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு குளவியும் அந்நஞ்சினால் மடிந்தது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் பெருகிற்று. ஓர் உயிரைப் பிற உயிர்களினின்றும் பிரித்து நோக்கியதன் விலை இது. வண்டை விலங்கியலுக்கும் பங்கசைத் தாவரவியலுக்கும் பங்கிட்டுவிட்டு, இரண்டும் சந்திக்கும் சுரங்கத்தை எவருக்கும் உரிமையாக்காத பாடத்திட்டங்களும் இப்பார்வையையே வளர்க்கின்றன.

இனி, கூட்டுவாழ்வென்றதும் இயற்கையின் நல்லிணக்கம் எனப் புகழ்ந்துரைக்கும் மறுசாராரும் உளர். இருவரின் இணக்கம் மூன்றாமவர்க்கும் நன்மையாதல் வேண்டும் என்ற நியதி எங்குள்ளது? வண்டும் பங்கசும் செழிக்கத் தேயிலைத் தண்டு வலுவிழக்கின்றது. நிரையினூடே கொழுந்து பறித்துச் செல்லும் பெண்ணின் உடல் பட்டாலே துளைபட்ட கிளை முறிகின்றது. கொழுந்தின் நிறை குறைந்தால் அவளுக்கே 'அரைப்பேர்' விழுகின்றது. தராசு வண்டையும் அறியாது, பங்கசையும் அறியாது.