தீவைக் காக்கும் திட்டத்தில் கிழங்குக் குழிக்கும் இடம் வேண்டும்

கிழங்குப் பயிருக்கு மண் அணைத்து மேட்டுப்பாத்தி எடுப்பது விவசாயிகள் அறிந்த முறை. பசிபிக் மாகடலில் உள்ள துவாலு நாட்டிலோ கிழங்குக்காகப் பள்ளம் தோண்டுகிறார்கள். பவள மணலை ஓர் ஆள் ஆழத்துக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே தோண்டி, நல்ல தண்ணீர் தட்டியதும் நிறுத்திவிடுவார்கள். பிறகு இலை தழைகளைக் குழியில் போட்டு மக்கவைத்து, அந்தச் சேற்றில் 'புலாக்கா' என்னும் கிழங்கை நடுவார்கள். இது சேம்பு இனம்தான். ஆனால் தமிழ்நாட்டுச் சேப்பங்கிழங்கு இதன் முன்னே சிறு பிள்ளை. இலை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். கிழங்கு முற்ற ஆண்டுக் கணக்கில் ஆகும். அறுவடைக் காலம் என்று ஒன்று கிடையாது; வீட்டுக்குத் தேவைப்படும்போது தோண்டிக்கொள்ளலாம். குழியே அந்த வீட்டின் குதிர்.

இந்தக் குழிகள் ஒரு தலைமுறையில் தோண்டியவை அல்ல. பாட்டன் தோண்டியதில் பேரன் தழை போட்டு வருகிறான். ஆறு இல்லை, ஏரி இல்லை, களிமண் இல்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெறும் மணல். அதில் ஒரு மாவுக்கிழங்கு விளைவித்துச் சனங்களைக் காப்பாற்றிய அறிவை எந்த வேளாண் கல்லூரியும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

குழியின் உயிர் அதன் அடியில் உள்ள தண்ணீரில் இருக்கிறது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே நாலாபுறமும் கடல்நீர் ஊறியிருக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. வேதாரண்யம் பக்கம் மணற்காட்டில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். மேலாக மொண்டால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. துவாலுவில் இந்த நல்ல தண்ணீர்ப் படலம் மிக மெலிந்தது. மழை குறைந்தால் மேலிருந்து மெலியும், கடல் உயர்ந்தால் கீழிருந்து நெருக்கும். புலாக்காவோ உப்பைத் தாங்காத பயிர். தண்ணீரில் உப்பு ஏறியதும் இலை ஓரம் கருகும், கிழங்கு அழுகும்.

நாட்டின் அளவையும் சொல்ல வேண்டும். மொத்தம் 9 தீவுகள். நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 6,400 ஏக்கர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1978இல் விடுதலை பெற்ற இந்த நாட்டில் இருப்பவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அதில் பாதிக்கு மேல் தலைநகரான புனாபுட்டியில் நெருக்கியடித்துக் கொண்டிருக்கிறார்கள். நிலத்தின் உயரம் பெரும்பாலும் ஆறேழு அடிதான். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே கடல் மட்டம் 30 ஆண்டுகளில் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி, உயர்ந்திருக்கிறது. ஆறடி உயர நிலத்துக்கு அரை அடி என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் பெரிய ஓதத்தின்போது கடல் கரையைத் தாண்டி வருவதோடு நிற்பதில்லை. மணலின் ஓட்டைகள் வழியே நிலத்தின் நடுவிலிருந்தே கொப்பளித்து எழுகிறது. கரையில் எவ்வளவு நல்ல சுவர் கட்டினாலும் இந்தத் தண்ணீரை அது தடுக்காது.

இனித் திட்டங்களுக்கு வரலாம். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கத் துவாலு அரசு 2007இல் ஒரு தேசியச் செயல்திட்டம் வகுத்தது. உடனே செய்ய வேண்டியவை என்று அதில் ஏழு வேலைகள் குறிக்கப்பட்டன. முதலாவது கரையோரப் பாதுகாப்பு. இரண்டாவது, உப்பைத் தாங்கும் புலாக்கா இரகத்தைக் கொண்டுவந்து குழிகளின் விளைச்சலைப் பெருக்குவது. கிழங்குக் குழிக்கு ஓர் அரசு தந்த இந்த மரியாதை பாராட்டுக்குரியது. பின்னர் 2012இல் 'தெ கனிவா' என்ற பெயரில் தேசியப் பருவநிலைக் கொள்கை வந்தது. 2022இல் நீண்டகாலத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. புனாபுட்டியில் 3.6 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 890 ஏக்கர் நிலத்தை மண்ணிட்டு உயர்த்தி, மக்களையும் கட்டடங்களையும் படிப்படியாக அங்கே மாற்றுவது அதன் நோக்கம்.

ஆனால் பணம் போன வழி வேறு. குழிக்கு வந்தவை சிறு சிறு உதவிகள். கரைக்கு வந்தது பெரிய தொகை. பசுமைப் பருவநிலை நிதியம் கொடுத்த 3 கோடியே 60 லட்சம் டாலரைக் கொண்டு 2017இல் கரையோரப் பாதுகாப்பு வேலை தொடங்கியது. காயலிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்து, புனாபுட்டியில் ஏறக்குறைய 18 ஏக்கர் புதிய மேட்டு நிலம் 2023இல் உருவாக்கப்பட்டது. இதைக் குறை சொல்ல முடியாது. புயலலை வீட்டுக்குள் வரும் இடத்தில் மேடுதான் முதல் தேவை. ஆனால் இதே நோக்கில் அடுத்த நூறு ஆண்டுக்கும் திட்டமிட்டால், மிஞ்சுவது வீட்டுமனையாக இருக்கும், ஊராக இராது.

இதற்குச் சான்று வேண்டுமானால் அந்நாட்டின் சென்ற கால அனுபவமே போதும். இரண்டாம் உலகப் போரின்போது புனாபுட்டியில் அமெரிக்கப் படையினர் விமானத்தளம் போட்டார்கள். சதுப்பை நிரப்பிய பவளக் கற்களினூடே ஓதத்தின்போது கடல்நீர் தடையின்றி உள்ளே புகுகிறது என்று நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மேலே பார்த்தால் நல்ல சமதளம். கீழே குழிக்கான தண்ணீர் கெட்டுவிட்டது. நிலம் சேர்ப்பதும் தண்ணீர் காப்பதும் இரு வேறு வேலைகள் என்பதை அந்த ஊர் எண்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது.

2018இல் வெளியான ஓர் ஆய்வும் இங்கே நினைக்கத் தக்கது. 1971 முதல் 2014 வரை எடுத்த வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, துவாலுவின் நிலப்பரப்பு குறையவில்லை, 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணல் அது. உடனே சிலர், 'தீவு மூழ்கவில்லை, எல்லாம் வீண் பயம்' என்று பேசத் தொடங்கினார்கள். அளந்தது ஏக்கரை. விவசாயி கேட்பது, அந்த ஏக்கரில் தோண்டினால் என்ன தண்ணீர் வரும் என்பதை. புதிதாக ஒதுங்கிய கரை மணலில் யாரும் புலாக்கா நடவில்லை.

குழி கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். 2011இல் மாதக்கணக்கில் மழை பொய்த்தது. செப்டம்பர் இறுதியில் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. புனாபுட்டியில் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளித் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்து சேர்ந்தன. 2015 மார்ச்சில் 'பாம்' புயல். புயலின் மையம் வெகு தூரத்தில் இருந்தும் அதன் அலை துவாலுவை அடித்தது. நுயி தீவுக்குக் கடும் சேதம். கடல்நீர் குழிகளுக்குள் பாய்ந்து நின்றது. வெள்ளம் வடிந்த வயலில் மறு நடவு நடலாம். உப்புத் தண்ணீர் நின்ற குழி அப்படியல்ல. மழை பெய்து பெய்து உப்பைக் கழுவித் தள்ளும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் நடவுக்கு வேண்டிய கன்றும் அழிந்துபோகிறது. புலாக்காவை விதையாக எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கிழங்கின் தலையையும் பக்கக் கன்றையும் வைத்துத்தான் நட வேண்டும். குழியோடு இரகமும் போய்விடும்.

எதிர்த்தரப்பிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. குழிவேலை கடினமானது. தழை சுமக்க வேண்டும், சேற்றில் நிற்க வேண்டும். வெளித்தீவு இளைஞர்கள் தலைநகருக்குப் போய்விடுகிறார்கள். கப்பலில் அரிசியும் மாவும் சர்க்கரையும் வந்து இறங்குகின்றன. அடுப்பில் ஏற்றினால் சோறு. யாருக்கும் வேண்டாத கிழங்குக்கு எதற்குத் திட்டம் என்று கேட்கலாம். கப்பல் அரிசி பழகிய வீடுகளில் சர்க்கரை நோயும் பழகிவிட்டது என்பது ஒரு பதில். கப்பல் பிந்தினால் கடையில் ஒன்றும் இராது என்பது மற்றொன்று. வேண்டாத பயிர் என்பதும் முழு உண்மை அல்ல. விளைவிக்க வழி குறைந்த பயிர் என்பதே சரி.

செய்யக் கூடியவை கைக்கு எட்டாதவை அல்ல. புனாபுட்டியில் தைவான் வேளாண் குழுவினர் தழையை வெட்டித் துண்டாக்கி, எரு கலந்து மக்கவைத்து, உயர்ந்த பாத்திகளில் காய்கறி பயிரிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதே மக்கு உரத்தைக் கொண்டு, கடல்நீர் எட்டாத உயரத்தில், அடியில் நீர் இறங்காத விரிப்பிட்ட தொட்டிகளில் கிழங்கும் வைத்துப் பார்க்கலாம். பிஜியின் சுவாவில் பசிபிக் நாடுகளுக்குப் பொதுவான பயிர் மரபுவள நிலையம் இருக்கிறது. சேம்பு இரகங்களைக் குழாய்களில் வளர்த்துக் காத்து வருகிறது. துவாலுவின் ஒவ்வொரு தீவிலும் உள்ள புலாக்கா இரகங்களை, அடுத்த புயல் வருமுன் அங்கே சேர்ப்பது பெரிய செலவு பிடிக்காத வேலை. இனி மேடாக்கும் நிலத்திலும் ஒரு பங்கைப் பயிருக்கென்று ஒதுக்க வேண்டும். காயல் மணல் உப்பு மணல். அது மழையில் கழுவப்பட்டு, தழை உண்டு, மண்ணாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே வீடு கட்டி முடித்த பிறகு தோட்டத்தைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம் என்பது நடவாது.

பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதும் முக்கியம். வெளிநாட்டு நிதி வரும் வழியில் அறிக்கை எழுதுவோர் அதிகம், குழியில் இறங்குவோர் குறைவு. துவாலுவில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு தீவிலும் 'பலேகௌபுலே' என்னும் ஊர்ச்சபைக்கே முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. எந்தக் குழி இன்னும் இனிப்பாக இருக்கிறது, எது உவர்த்துவிட்டது, எது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பது அந்தச் சபையில் உட்காரும் பெரியவர்களுக்குத் தெரியும். குழிக்கான தொகையை நேரே அவர்களிடம் ஆண்டுதோறும் சிறு அளவில் கொடுப்பது, ஐந்தாண்டுக்கு ஒரு பெரிய திட்டமாகக் கொடுப்பதைவிடப் பயன் தரும்.

காலமும் அதிகம் இல்லை. 2023இல் ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட 'பலேபிலி' உடன்படிக்கை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். போகிறவர்களைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் போகிறவர் பெரும்பாலும் குழியில் இறங்கும் வயதில் இருப்பவர். குழியை எப்படி வெட்டுவது, எந்த மரத்தின் இலையை எந்த அளவில் போடுவது என்பது எந்த ஏட்டிலும் இருப்பதைவிடக் கிழவர்களின் கையில்தான் அதிகம் இருக்கிறது.

துவாலுவில் மழைக்காலம் நவம்பரில் தொடங்குகிறது. உப்பேறிய குழியைத் தூர் எடுத்து வைத்தால் அந்த மழையில் ஓரளவு கழுவப்படும். தழை சேர்க்கும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.