உணவு லேபிள் யாருக்குப் புரிகிறது? கிழக்கேகோட்டை கடைத்தெரு எழுப்பும் கேள்வி

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலை கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் கலந்தே வணிகம் நடைபெறுகிறது. தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் பல ஆண்டுகள் கடை நடத்திய தெரு அது. ஆனால், அங்கு விற்கப்படும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்பதை இவ்விரு மொழிகளில் ஒன்றிலாவது அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான ஹிந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகளைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம்.

கேரளத்துக்கு இது சிறிய விஷயமல்ல. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது. கேரளத்தில் இந்த அளவு 25.5 சதவீதம், அதாவது நால்வரில் ஒருவர். கோவா, புதுச்சேரிக்கு அடுத்த இடம் கேரளத்துக்கு.

உணவுப் பழக்கத்தை மாற்ற கேரள அரசு முன்பே ஒரு முயற்சி மேற்கொண்டது. 2016 ஜூலையில் அப்போதைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பிராண்டட் உணவகங்களில் விற்கப்படும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத 'கொழுப்பு வரி'யை அறிவித்தார். மறு ஆண்டு ஜிஎஸ்டி அமலுக்கு வந்ததும் அது முடிவுக்கு வந்தது. அந்த வரி குறிவைத்தது உணவகங்களைத்தான்; மளிகைப் பையில் வீட்டுக்கு வரும் பிஸ்கட், சிப்ஸுக்கு லேபிள் மட்டுமே காவல்.

பின்பக்கம் சொல்வது என்ன?

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது மூலப்பொருள் பட்டியல். எடை அல்லது அளவில் அதிகமாக உள்ள பொருள் முதலில் இடம்பெற வேண்டும் என்பது விதி. 'கோதுமை பிஸ்கட்' என்று முன்பக்கம் கூறும் பாக்கெட்டின் பட்டியலில் மைதா முதலில் இருந்தால், அதில் மைதாவே அதிகம். குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப் ஆகியவையும் சர்க்கரையின் வேறு பெயர்களே.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. ஒருவரின் நாள்தேவை 2,000 கிலோ கலோரி என்ற அடிப்படையில், சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என லேபிளுக்கான அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. இந்தச் சோடியம் ஏறத்தாழ 5 கிராம் உப்புக்குச் சமம். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ள குளிர்பானத்தை 250 மில்லிலிட்டர் அருந்தினால், நாள் அளவில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

நுகர்வோர் தடுமாறும் இடம் 'ஒருமுறை பரிமாறும் அளவு'. அட்டவணையில் உள்ள சதவீதம் அந்த அளவுக்குரியது. முழு பாக்கெட்டுக்கு உரியதல்ல. 30 கிராமுக்கு 12 சதவீத சோடியம் எனக் குறிப்பிடப்பட்ட 90 கிராம் பாக்கெட்டை ஒருவரே தின்று முடித்தால், அவர் உட்கொள்வது 36 சதவீதம்.

இந்தக் கணக்கைக் கடையில் நின்று போட ஆங்கில அறிவு, பொடி எழுத்தைப் படிக்கும் பார்வை, நேரம் மூன்றும் தேவை. நீரிழிவு நோயுள்ள ஒரு முதியவரிடம் இம்மூன்றையும் எதிர்பார்ப்பது நியாயமா என்பதே கேள்வி.

நட்சத்திரமா, எச்சரிக்கையா?

இதற்குத் தீர்வாகவே முகப்பு லேபிள் யோசனை எழுந்தது. 2022 செப்டம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரையிலான மதிப்பீட்டை முன்வைத்தது. நார்ச்சத்து, பருப்பு போன்றவற்றுக்கான மதிப்பெண், அதிக சர்க்கரையையும் உப்பையும் மறைத்துவிடும் என்று நுகர்வோர் அமைப்புகள் அதனை எதிர்த்தன. முகப்பில் எச்சரிக்கைக் குறியீடு கோரித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பரிந்துரைகளை மூன்று மாதங்களில் இறுதி செய்யுமாறு உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 9-இல் உத்தரவிட்டது. ஜூலையில் அந்த அவகாசம் மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கப்பட்டது.

சிலி 2016-ஆம் ஆண்டிலும் மெக்ஸிகோ 2020-ஆம் ஆண்டிலும் கறுப்பு நிற எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கின. நட்சத்திரம் 'இது எவ்வளவு நல்லது' என்று கூறுகிறது. எண்கோணம் 'இதில் எது அதிகம்' என்று எச்சரிக்கிறது. நீரிழிவு நோயாளிக்குத் தேவைப்படுவது இரண்டாவது தகவலே.

மொழி கடந்த குறியீடு இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அடையாளம் கண்டு வருகின்றனர். அந்தப் புள்ளி உணவு சைவம் என்பதை மட்டுமே உணர்த்துகிறது. சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொருளிலும் அது இருக்கும். அதே எளிமையுடன் மற்றொரு குறியீடும் அருகில் இடம்பெற முடியும்.

எந்த முகப்பு லேபிளும் எட்டாத பகுதியும் உண்டு. கண்ணெதிரே பொரித்து எடைபோட்டுத் தரப்படும் நேந்திரங்காய் சிப்ஸில் ஊட்டச்சத்து அட்டவணை இருப்பதில்லை. அங்கே வாங்கும் அளவைக் குறைப்பதே வழி.

பாக்கெட் உணவைப் பொறுத்தவரை, தகவல் ஏற்கெனவே அச்சிடப்படுகிறது. அதனைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கும், பொடி எழுத்திலிருந்து எவருக்கும் புரியும் குறியீட்டுக்கும் கொண்டுவரும் முடிவையே கிழக்கேகோட்டையின் நுகர்வோர் எதிர்பார்க்க வேண்டியுள்ளது. அதுவரை பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையதாகவே இருக்கும்.