மண்டையில் ஏறாததா? வயிற்றில் இல்லாததா?

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு மண்டையில் ஏறாது." பதுளைக் கடைத்தெருவிலும், அலுவலக மேசைகளிலும், ஏன், சில ஆசிரியர்களின் வாயிலுங்கூட இவ்வாசகத்தை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். இரக்கத்தோடு சொல்வோரும் உளர். எனினும், ஒரு சமூகத்தின் வறுமைக்கு அதன் மூளையையே குற்றவாளியாக்கும் இக்கூற்றை உண்மைதானா எனச் சோதித்தல் எம் கடனாகும்.

பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தேயிலை மலையிற் சற்று நின்று பாருங்கள். கொழுந்து பறிக்கும் தாயின் கண் முற்றிய இலையை விலக்குகிறது; விரல் இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளுகிறது; கால் சரிவிற் பிடி தேடுகிறது; வாயோ அடுத்த நிரையில் நிற்பவளோடு வீட்டுக் கதை பேசுகிறது. பேர் பதிந்த முதல் வாரங்களில் இவள் ஒவ்வொரு கிள்ளலையும் நினைந்து நினைந்தே செய்தாள். பயிற்சி முதிர, சிறுமூளை முதலிய பகுதிகள் அவ்வேலையை ஏற்றுக்கொள்ள, நினைவு வேறு காரியத்திற்கு விடுதலை பெற்றது. இதனையா 'மூளை வேண்டாத வேலை' என்கிறோம்?

பயிற்சி மூளையின் அமைப்பையே மாற்றவல்லது. இலண்டன் மாநகரின் வாடகைக் கார்ச் சாரதிகள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்திற் கொண்டவர்கள். அவர்தம் மூளையில் இடநினைவுக்குரிய உறுப்பின் பின்பகுதி பிறரினும் பருத்திருந்ததை ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூளை, பிறப்பிலேயே எழுதி முடித்த ஏடன்று.

அங்ஙனமாயின் அத்தாயின் பிள்ளை பள்ளியில் ஏன் பின்தங்குகிறது?

வளர்ந்தோர் மூளை உடல் நிறையில் 100க்கு 2 பங்கே. ஆனால் உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கை அது உண்கிறது. ஐந்து வயதளவில் அப்பங்கு இரு மடங்கினும் மிகுதி. அவ்வயதிற்குள் மூளை தன் முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே அடித்தளம் இடப்பட்டு விடுகிறது.

அந்த ஐந்தாண்டுகளில் எம் பிள்ளைகள் உண்டது என்ன? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். குறைந்தது உயரம் மட்டுமன்று. மூளை நரம்புகளுக்கு உறை அமைய இரும்புச்சத்து வேண்டும். ரொட்டியோடு வெறுந்தேநீரைக் கொடுத்தால், உணவிலுள்ள சிறிதளவு இரும்பையும் தேயிலைச் சாயம் உடலிற் சேரவிடாது தடுக்கிறது. உலகுக்குத் தேயிலை தந்த மக்களின் பிள்ளைக்கு அத்தேயிலையே பாலுக்குப் பதிலானது எத்துணைக் கொடுமை!

உணவைப் போன்றே பேச்சும் மூளைக்கு ஊட்டமாகும். தாய் மலைக்குப் போனபின் பிள்ளை பகலெல்லாம் இருப்பது பிள்ளைக்காம்பராவில். இன்று பல தோட்டங்களில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெயர்ப்பலகை மாறினால் மூளை வளருமா? பிள்ளையோடு பேசவும், கதை சொல்லவும், கேட்டதற்கு மறுமொழி கூறவும் பயிற்சி பெற்றவர் அங்கே வேண்டும். முட்டையும் பருப்பும் கீரையும் தட்டில் வேண்டும். கற்றதை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்திலாதலின், குடும்பம் முழுவதும் நெருக்குண்ணும் லயக்காம்பராவும் ஒழிதல் வேண்டும்.

இவை பிச்சையல்ல, கடன்! 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் இம்மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. வாக்கில்லாதோர் பள்ளியைப் பற்றி எவர் கவலைப்பட்டார்? தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களிலன்றோ?

வெலிமடை விவசாயி அறிவார்: நாற்றுமேடையில் நீர் காட்டாதவன் நட்டபின் உரங்கொட்டிப் பயனில்லை. ஆயினும் மனித மூளை நாற்றினும் பெருந்தன்மை வாய்ந்தது; பிந்தி வந்த கவனிப்பையும் அது வீணாக்காது. ஆதலால் வளர்ந்த பிள்ளைகளைக் கைவிடுதலும் தகாது. படித்தவர்கள் வாரம் ஒரு மாலையேனும் லயத்துப் பிள்ளைகளோடு அமரட்டும். விவசாயிகள் விளைச்சலில் ஒரு கூடையைப் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பட்டும். அரசும் கம்பெனிகளும் தம் கடமையைத் தட்டிக்கழிக்க இது சாக்காகாதபடி, நம் பிரதிநிதிகள் சபைகளில் இதனை எழுப்பட்டும்.

2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே நிற்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் அங்கே பட்டமுண்டு. கொழுந்து பறித்தவளின் பேரப்பிள்ளை அவ்வாயிலிற் புகுமா என்பது, இன்று அப்பிள்ளையின் தட்டில் நாம் வைப்பதையும் அதன் காதில் நாம் சொல்வதையும் பொறுத்தது.