மூச்சும் பெயரும்

வார இறுதியில் விருந்து முடிந்து திரும்பும் இரவில், சிட்னியின் பரமற்றா வீதியில் பொலிசார் கைகாட்டி மறிக்கின்றனர். மது அருந்தாதிருந்தும் நமக்கு நெஞ்சு படபடக்கின்றது. பின்னிருக்கையில் முதியவர்கள் அடையாள அட்டையைத் தேடுகின்றனர். கொழும்பிலும் வவுனியாவிலும் காவலரண்களில் நம்மை மறித்தவர்கள் முதலிற் கேட்டவை பெயரும் ஊருமே. தமிழ்ப் பெயரே சந்தேகத்துக்குப் போதுமாயிருந்தது.

இங்கே முதலிற் கேட்பது மூச்சை. விக்ரோறியாவில் 1976இலும் நியூ சவுத் வேல்சில் 1982இலும் தொடங்கிய எழுந்தமான சோதனை இது. முழு அனுமதிப்பத்திரம் உடைய சாதாரண சாரதிக்கு இரத்தத்தில் மது 0.05ஐ எட்டலாகாது, பயிலுநருக்குப் பூச்சியம். அமைச்சரும் அகதியும் ஊதுவது ஒரேவிதமான கருவியிலேயே. (இந்நாட்டுச் சட்டம் யாவும் இவ்வாறு ஆள்பாராதது என நாம் கூறவில்லை, அதனைப் பழங்குடி மக்களிடமே கேட்டறிய வேண்டும்.)

ஆயினும் நம்மவர் சிலர், பொலிசார் நிற்குமிடத்தை ஒருவருக்கொருவர் அறிவித்து, குறுக்கு வீதியால் தப்புவதைச் சாமர்த்தியம் என்கின்றனர். அன்று காவலரணைச் சுற்றிப் போனோம், உயிர் தப்புவதற்காக. இன்று மது அருந்திவிட்டுச் சுற்றிப் போகும் காரின் பின்னிருக்கையில் உறங்குபவர்கள் நம் பிள்ளைகள்.