சர்வருக்கு வந்த நோய்



உங்கள் கூட்டுறவு நாணயச் சங்க அலுவலகத்தில் ஒரு சர்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தினர்களின் சந்தா, கடன், வட்டி எல்லாம் அதற்குள்தான். ஒரு நாள் கணக்குக் கோப்பு ஒன்று திறக்க மறுக்கிறது. மறுவாரம் வேறொரு கோப்பு. மூன்றாம் வாரம் சர்வரே பாதியில் நின்றுவிடுகிறது. பழுது பார்க்க வந்தவர் "வைரஸ்தான்" என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவி, கூலியையும் வாங்கிக்கொண்டு போகிறார். பத்தே நாளில் பழைய கதை!

இப்படி நேர்ந்தால் வன்பொருளைச் சந்தேகியுங்கள். மென்பொருள் பிழை பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்யும்போது, ஒரே இடத்தில் தலைகாட்டும். வன்பொருள் பழுதோ இன்று இங்கே, நாளை அங்கே என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அவசரப்பட்டு எஃப்எஸ்சிகே, செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் நிரல்களை ஓட்டிவிடாதீர்கள். நினைவகம் கெட்டிருந்தால், அந்த நிரல் இல்லாத பிழையைக் கண்டு, நன்றாக இருக்கும் கோப்பையும் 'திருத்தி'விடும். இரவுதோறும் தானாக எடுக்கும் பிரதியையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நல்ல பழைய பிரதியின் மேல் கெட்டது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கத்தினர் பணத்துக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை யுஎஸ்பி வழியாக ஏற்றி, ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் கூடாது. ராம் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் குற்றவாளி அகப்படும். நல்ல துண்டும் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் மட்டும் பிழை காட்டினால் பழுது மதர்போர்டில் என்று கொள்ளலாம். இது அபூர்வமான நோயன்று. கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரையின்படி, ஓராண்டில் 100-க்கு 8-க்கும் மேற்பட்ட ராம் துண்டுகள் பிழை காட்டின. அந்தச் சர்வர்களில் பிழையைத் திருத்தும் இசிசி நினைவகம் இருந்தது. சாதாரணக் கணினியைச் சர்வராக்கிய இடங்களில் பெரும்பாலும் அது கிடையாது. பிழை சத்தமில்லாமல் கணக்கில் நுழைந்துவிடும்.

நிற்க, வட்டைக் கவனிப்போம். சாட்டா வட்டுகள் தம் உடல்நிலையை ஸ்மார்ட் என்னும் குறிப்பில் தாமே எழுதி வைக்கின்றன. அதில் 5, 197, 198 ஆகிய வரிசைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வட்டு கெட்டுவருகிறது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளின் கோளாறு. சில வெள்ளிக் கேபிளுக்காக வட்டையே தூக்கி எறிபவர்களை என்னவென்பது? கேபிளை மாற்றிய பின்பும் 199-இன் பழைய எண்ணிக்கை குறையாது. மேலே ஏறாமல் நின்றால் போதும்.

ராமும் வட்டும் தேறிவிட்டனவா? நினைவகத்தைவிடப் பெரிய கோப்பு ஒன்றுக்கு ஷா256சம் நிரலால் சரிபார்ப்பு எண் எடுங்கள். அதையே நான்கைந்து முறை செய்யுங்கள். கோப்பை யாரும் தொடாதபோது எண் மாறினால் வன்பொருள் பொய் சொல்கிறது, ஐயமில்லை. வேலைப்பளு ஏறும்போது மட்டும் தொல்லை வந்தால் மின்வழங்கியையும் தூசி அடைத்த விசிறியையும் பாருங்கள். நம் ஊர் இடிமின்னலில் அடிபட்ட மின்வழங்கி எரியாமலே நோயாளியாக நாளைக் கடத்துவதுண்டு. ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள்; இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

பாகம் மாற்றியதும் கோளாறு தொடங்கிய நாளுக்கு முந்திய பிரதியை எடுத்துப் போடுங்கள். அதற்குப் பிந்திய வரவு செலவுகளை ரசீதுக் கட்டைப் பார்த்து மறுபடியும் பதியுங்கள். பத்து அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தையாவது வாங்கி, மீதித் தொகை ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகு கவுண்டரைத் திறக்கலாம்.