கதவுக்குப் பின்னே இருப்பவர்கள்

விருந்தினர் வந்தால் குழந்தையை அழைத்து, "பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று வினவுவது நம் இல்லங்களின் வழக்கம். "டாக்டர்" என்று விடை வந்தால் தாயின் முகம் மலரும். "நர்ஸ்" என்று வந்தால்? நாம் கேட்டவரையில் அவ்வாறு சொன்ன குழந்தை இல்லை. சொல்லியிருப்பின் வீட்டார் பேச்சை மாற்றியிருப்பர் என்பது நம் ஐயம்.

குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவமனையில் அது கண்டவை டாக்டரும் ஊசியுமே. இரத்தத்தைச் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், முடங்கிய காலுக்குப் பயிற்சி தருபவர், செவிப்புலன் குன்றிய குழந்தைக்குப் பேசக் கற்பிப்பவர் எல்லோரும் கதவுகளுக்குப் பின்னே இருக்கின்றனர். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இத்தகைய தொழில்கள் ஐம்பதுக்கு மேல் பட்டியலிடுகின்றது. நம்மில் எத்தனை பேரால் அவற்றுள் பத்தைச் சொல்ல இயலும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்த பின்னர்தான் பெற்றோர் இவற்றைத் தேடி அலைகின்றனர். அதற்குள் பிள்ளை, தன் வாழ்வே தோற்றதெனக் குமைந்து போகிறான். பதினோராம் வகுப்பில் உயிரியலை விட்டவனுக்கோ பல வாயில்கள் அப்போதே அடைபட்டுவிட்டன. ஆதலின், எட்டு வயதிலேயே அக்கதவுகளைச் சிறிது திறந்து காட்டினால் என்ன?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் 'கரடிப்பொம்மை மருத்துவமனை' நடத்துகின்றனர். குழந்தை தன் பொம்மையை நோயாளியாகக் கொண்டு வரும். நோயும் அதுவே சொல்லும். மாணவர் சோதித்துக் கட்டுப் போடுவார். அச்சம் போக்குவதே அதன் முதல் நோக்கம்; ஆயினும் யார் யார் என்ன பணி செய்கின்றனர் என்பதையும் குழந்தை கண்டுகொள்கிறது.

நாம் வாழும் பெருநகரங்களில் மருத்துவக் கல்லூரிகளும் செவிலியர் கல்லூரிகளும் உள்ளன. அங்குப் பயிலும் தமிழ் மாணவரும் உளர். விடுதிச் சோற்றில் வாடும் அவர்களை ஞாயிறு தமிழ் வகுப்பிற்கு அழைக்க ஒரு வேளை சாம்பார் சாதமே போதும்! கருவிகளும் அதிகம் வேண்டா. 1816இல் பாரிசில் லேனெக் என்னும் மருத்துவர் காகிதத்தைச் சுருட்டித்தான் முதன்முதல் ஒரு பெண்ணின் இதய ஒலியைக் கேட்டார்; நம் குழந்தைகளும் காகிதம் சுருட்டி, அடுத்தவன் நெஞ்சில் வைத்துக் கேட்கட்டும். ஜெய்ப்பூர் செயற்கைக் காலை 1960களின் இறுதியில் உருவாக்கியவர்களுள், டாக்டர் சேத்தியுடன் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் இருந்தார் என்பதைச் சொல்லட்டும். மண்ணில் பொம்மை பிடிக்கும் பிள்ளைக்கு அது ஒரு செய்தி.

சங்கச் செயலாளர் இம்மாதமே கல்லூரிகளுக்குக் கடிதம் எழுத இசைந்துள்ளார். வருவோருள் ஆண் செவிலியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டுமெனக் கேட்டுள்ளோம். நம் பையன்கள் அவரைப் பார்த்ததில்லை. பெற்றோரும் உடனிருக்கலாம், ஆனால் குழந்தைக்குப் பதிலாகத் தாம் விடை கூறலாகாது. பொம்மை இல்லாத குழந்தைகள் ஒரு சிறு தலையணையைக் கொண்டு வந்தாலும் நோயாளியாக ஏற்றுக்கொள்ளப்படும்.